இரண்டு தொலைவுகள்: ஐரோப்பிய நவீன ஓவியமும் தமிழ்க் கோடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பாரிஸ் நகரை நடுவமாகக் கொண்டு எழுந்த நவீன ஓவிய இயக்கம், 1940களுக்கும் 1970களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சென்னை ஓவியர்களின் கையில் எவ்வாறு உருமாறியது என்பது தமிழகக் கலை வரலாற்றில் ஓரளவு எழுதப்பட்டுவிட்ட பகுதி. அவ்வாறு உருமாறிய ஓவியம் சென்னைக்கு வெளியே, கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சுருளிப்பட்டி போன்ற ஊர்களை எந்த வழியில், எந்த வடிவில் எட்டியிருக்க முடியும் என்பது அதே வரலாற்றின் மறுபாதி. பாரிசுக்கும் சென்னைக்கும் இடையே கடல்கள் இருந்தன; சென்னைக்கும் சுருளிப்பட்டிக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தரைவழியும், கலைக்கூடங்கள் இல்லாத ஊர்களின் நீண்ட வரிசையும் இருந்தன. இவ்விரு தொலைவுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், அயலிலிருந்து வந்த ஓர் இயக்கம் ஒரு நாட்டின் ஓவியத்தில் எதை மாற்றியது, எதைத் தொடாமல் விட்டது என்பது தெளிவாகும்.

ஐரோப்பிய ஓவிய முறை தமிழகத்துக்கு வந்தது நவீன இயக்கத்தோடு அன்று. அதற்கு நெடுநாள் முன்பே வந்துவிட்டது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, சில ஆண்டுகளில் அரசின் பொறுப்புக்கு மாறி, பிற்காலத்தில் அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கும் அதன் செல்வாக்குக்கு உட்பட்ட பள்ளிகளிலும் கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் பிரிட்டனில் வழக்கில் இருந்த பயிற்சிமுறையே ஆகும். கண்ணுக்குத் தெரிவதைத் தெரிந்தபடி வரைவது, அண்மையிலுள்ள பொருளைப் பெரிதாகவும் சேய்மையிலுள்ளதைச் சிறிதாகவும் காட்டும் தூரக்காட்சி விதியைப் பின்பற்றுவது, ஒரு பக்கத்திலிருந்து விழும் ஒளியால் உண்டாகும் நிழலைப் படிப்படியாகத் தீட்டி உருவத்துக்குத் திரட்சி தருவது ஆகியவை அதன் அடிப்படைகள். தமிழ்நாட்டில் ஓவிய ஆசிரியராக விரும்பியவர்கள் எழுதிவந்த அரசு தொழில்நுட்பத் தேர்வுகளில் ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்’, ‘மாடல் டிராயிங்’ என்ற தாள்கள் நிலைபெற்றதன் வழியாக, கனசதுரத்தையும் கூம்பையும் வைத்து நிழல் தீட்டும் இப்பயிற்சி சிற்றூர்ப் பள்ளிகளின் டிராயிங் மாஸ்டர் வரைக்கும் இறங்கியது.

வகுப்பறையைவிட வலிமையான மற்றொரு வழி அச்சுப் படம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அமைத்த அச்சகம் தெய்வங்களை ஐரோப்பிய எண்ணெய்வண்ண மரபின் திரட்சியோடும் நிழலோடும் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு கோவில்பட்டியில் தம் சீடர்களுடன் அம்மரபைத் தமிழ் முகத்தோடு தொடர, சிவகாசி அச்சகங்கள் அவற்றைக் காலண்டர்களாக அடித்துத் தென்மாவட்டங்கள் எங்கும் பரப்பின. கடைக்காரர் தைப்பிறப்பை ஒட்டி வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் காலண்டரில் இருந்த முருகனும் லட்சுமியும், ஆண்டு முடிந்து தாள்கள் கிழிக்கப்பட்ட பின்பும், சட்டமிடப்பட்டுப் பூசை மாடத்தில் நிலைத்தார்கள். ஆகவே கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகளில் சாமிப்படம் என்பதே ஐரோப்பிய முறையில் நிழலிட்ட படமாகத்தான் இருந்தது. நவீன ஓவியம் பின்னாளில் எதிர்கொண்ட ‘இது நம்முடையது அன்று’ என்ற குற்றச்சாட்டை எடைபோடும்போது, ‘நம்முடையது’ என்று ஒப்பிடப்பட்ட படமும் அயல்முறையில் வேர்கொண்டது என்பதை மறக்க இயலாது.

இந்த நிழல்முறையைத்தான் ஐரோப்பாவின் ஓவியர்கள் தம் மண்ணில் கைவிடத் தொடங்கியிருந்தனர். 1874இல் பாரிசில் தனிக் கண்காட்சி நடத்திய ஓவியர் குழு, பொருளின் உறுதியான வடிவத்தைவிட அதன்மேல் கணத்துக்குக் கணம் மாறும் ஒளியை வரைவதை முதன்மையாகக் கொண்டது; அப்போக்கு இம்ப்ரெஷனிசம் என்ற பெயரைப் பெற்றது. அவர்களுக்குப் பின்வந்த செசான் காட்சியைத் தளங்களாகப் பிரித்துக் கட்டினார்; வான்கோ தூரிகைத் தடத்தையே உணர்ச்சியின் தடமாக ஆக்கினார்; கோகன் 1891இல் தாகித்தித் தீவுக்குச் சென்று நிழலற்ற பரந்த வண்ணத் தளங்களைக் கையாண்டார். ஆப்பிரிக்க முகமூடிகளைக் கூர்ந்து கண்ட பிக்காசோ 1907இல் வரைந்த பெண்ணுருவங்களும், அதை ஒட்டி அவரும் பிராக்கும் உருவாக்கிய கியூபிசமும், ஒரு பொருளைப் பல கோணங்களில் ஒரே தளத்தில் பார்க்கலாம் என்று காட்டி, ஒற்றைக் கண்ணின் தூரக்காட்சி விதியை உடைத்தன. ஜப்பானிய மர அச்சுப் படங்கள், ஆப்பிரிக்கச் சிற்பங்கள், பசிபிக் தீவுகளின் கலை என ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து எடுத்த பொருள்கள் இல்லாமல் இந்த மாற்றங்கள் நிகழ்ந்திருக்கா. சென்னைக்கு வந்து சேர்ந்த நவீனம் தூய ஐரோப்பியச் சரக்கன்று. ஏற்கெனவே பல நாடுகளின் கலப்பைத் தன்னுள் கொண்டிருந்தது.

இந்தியாவில் இதன் முதல் பெரிய அறிமுகங்களுள் ஒன்று 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்தது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த க்ளே, காண்டின்ஸ்கி முதலியோரின் படைப்புகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. பாரிசில் பயின்று திரும்பிய அம்ரிதா ஷெர்கில், 1937இல் அஜந்தாவையும் தென்னிந்தியாவையும் சுற்றிப் பார்த்த பின் வரைந்த ஓவியங்களில், கோகனிடம் கற்ற வண்ணத்தளமும் அஜந்தாச் சுவரின் மண்நிறமும் ஒன்றாயின. 1943இல் கொழும்பில் லயனல் வென்ட், ஜார்ஜ் கீட் முதலியோர் ‘43 குழு’வை அமைத்தனர், அதே ஆண்டில் கல்கத்தாக் குழுவும், 1947இல் பம்பாயில் முற்போக்கு ஓவியர் குழுவும் தோன்றின. இவ்வரிசையில் சென்னையின் முற்போக்கு ஓவியர் சங்கம் 1944இல் அமைந்தது. இத்தகைய குழுக்கள் நான்கு நகரங்களில் சில ஆண்டுகளுக்குள் எழுந்ததைத் தற்செயல் என்று கொள்ள முடியாது. காலனிய ஆட்சி முடியும் தறுவாயில், ஆட்சியாளரின் கலைப்பள்ளிப் பாடத்தையும், அதற்கு மறுமொழியாகப் புராணக் காட்சிகளை மென்மையாகத் தீட்டிய வங்காளப் பாணியையும் ஒருசேரக் கடக்க விரும்பிய தலைமுறைக்கு, மூன்றாவது வழியாக நவீனம் தென்பட்டது.

சென்னையில் அந்தக் கதவைத் திறந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர்; 1957 வரை அப்பொறுப்பில் இருந்தவர்; மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்தவர். ரோடினின் சிற்ப மரபில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே அனுப்பிக் கண்முன் உள்ள வாழ்வை வரையச் செய்தார். அவருடைய மாணவரும் பின்னர் அவருக்கு அடுத்த முதல்வருமான கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) இவ்வியக்கத்தின் நடுநாயகர். கோயம்புத்தூரில் மலையாளக் குடும்பத்தில் பிறந்து, தந்தித்துறையிலும் காப்பீட்டுத் துறையிலும் வேலை பார்த்த பிறகு, 1936இல் மாணவராகச் சேர்ந்தவர். தென்னந்தோப்புகளையும் நீர்நிலைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து பெயர் பெற்றவர். முற்போக்கு ஓவியர் சங்கம் அவருடைய முன்முயற்சியில் உருவானதே.

அக்காலச் சென்னை ஓவியர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய மூலப் படைப்புகளை நேரில் கண்டவர்கள் அல்லர். புத்தகங்களிலும் இதழ்களிலும் வந்த அச்சுப் படிகளே அவர்களுக்கு ஆசான். அச்சுப் படியில் அசலின் அளவும், வண்ணத்தின் ஆழமும், தூரிகைப் பூச்சின் தடிப்பும் மறைந்து, கோடும் அமைப்புமே எஞ்சும். பணிக்கர் 1954இல் ஐரோப்பா சென்று லண்டனிலும் பாரிசிலும் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது அசல்களைப் பார்க்கும் வாய்ப்புப் பெற்றார். 1950களில் அவர் வரைந்த உருவப் படங்களில் வான்கோவை நினைவூட்டும் துண்டுபட்ட தூரிகைத் தடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. கிறித்து, காந்தி ஆகியோரைச் சூழ்ந்த மக்கள் கூட்டங்களில் அஜந்தாவின் நெருக்கமான அமைப்பும் அத்தடங்களோடு சேர்ந்தது. எனினும் இதில் ஓர் இக்கட்டு இருந்தது. ஐரோப்பியக் கையெழுத்தில் இந்தியச் செய்தியை எழுதுவதால் மட்டும் ஓவியம் இந்தியத் தன்மை பெறுமா என்பதே அது. 1957இல் முதல்வரான பின் அவர் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் முன்வைத்த விவாதங்களின் மையமும் அதுவே.

அவருடைய விடை 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையில் கிடைக்கிறது. கணிதம் பயிலும் மாணவரின் நோட்டுப் பக்கத்தில் எண்களும் ரோமன் எழுத்துகளும் வடிவியல் கோடுகளும் கலந்து கிடந்த தோற்றமே இதற்குத் தூண்டுதல் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். முதலில் கணிதக் குறிகளும் ரோமன் எழுத்துகளுமாக இருந்தவை விரைவில் மலையாள எழுத்து வரிசைகளாயின. சாதகக் கட்டங்கள், கிரகக் குறிகள், மந்திரத் தகட்டில் கீறும் யந்திரங்கள், பாம்பு, மீன், பறவை ஆகியவை ஓலைச்சுவடியின் நெருக்கத்தோடு படத்தளத்தை நிரப்பின. இவ்வெழுத்துகள் படிப்பதற்கானவை அல்ல; பொருள் தரும் வாக்கியமாக அவை சேர்வதில்லை. க்ளேயும் குறிகளையும் எழுத்துகளையும் படமாக்கியவரே. ஆயினும் அவரிடமிருந்து பணிக்கர் பெற்றது உருவம் அன்று, குறி தன்னளவிலேயே ஓவியமாகலாம் என்ற இசைவு மட்டுமே. பரணில் துணி சுற்றி வைக்கப்பட்ட சாதக நோட்டை ஒரு முறையேனும் விரித்துப் பார்த்த குடும்பத்தாருக்கு, மஞ்சள் தடவிய மூலைகளும் பன்னிரண்டு கட்டங்களும் அவற்றுள் சுருக்கெழுத்தாக நின்ற கிரகப் பெயர்களும் கொண்ட அந்தப் பக்கம், படிக்கத் தெரியாவிட்டாலும் மதிப்புக்குரிய ஒன்றாகவே தோன்றும். எழுத்தறிவுக்கு அப்பாற்பட்ட அம்மதிப்பைத்தான் பணிக்கரின் படத்தளம் கையாளுகிறது.

சிற்பத்திலும் இதே நிகழ்வு வேறு பொருளில் நடந்தது. ஐரோப்பாவில் ஹூலியோ கொன்சாலெஸ் போன்றோர் இரும்பை வெட்டிப் பற்றவைத்துச் சிற்பம் செய்து, கல்லைச் செதுக்குவதும் வெண்கலத்தை வார்ப்பதுமே சிற்பம் என்ற எண்ணத்தைத் தகர்த்திருந்தனர். சென்னையில் பி.வி. ஜானகிராம் (1930–1995) உலோகத் தகட்டைத் தட்டியும் பற்றவைத்தும் உருவங்கள் அமைத்தபோது, அவருக்குத் துணைநின்றது கோயிலில் மூலவருக்குச் சார்த்தும் கவசம். கவசம் என்பது கல்லுருவத்தின் முன்புறத்தை மட்டும் மூடும் வெள்ளி அல்லது செம்புத் தகடு. பின்னிருந்து தட்டி எழுப்பிய கண்ணும் மூக்கும் கழுத்தணியும் அதில் முன்னோக்கிப் புடைத்து நிற்கும். அதற்குப் பின்புறம் என்ற ஒன்று இல்லை, சுற்றிவந்து பார்க்கும் தேவையும் இல்லை. திருநாளன்று கவசம் சார்த்திய சாமியைக் கருவறை வாசலில் நேரெதிரே நின்று பார்ப்பதே தரிசனம். இந்த முகப்புத் தன்மையையே ஜானகிராமும், அவருக்குப் பின் எஸ். நந்தகோபாலும் நவீனச் சிற்பத்தின் இலக்கணமாக ஆக்கினர். எல்லாப் பக்கமும் திரட்சியுடைய ஐரோப்பியச் சிற்பத்தை மறுக்க அவர்களுக்குத் துணிவு தந்தது மேலைநவீனம். மறுத்தபின் நிற்க இடம் தந்தது உள்ளூர்த் தட்டார் வேலை.

ஓவியத்தில் அதற்கு ஒப்பான இடத்தைப் பெற்றது கோடு. கே. சீனிவாசலு நாட்டுப்புறப் பொம்மைகளையும் தோற்பாவைகளையும் லேபாட்சி சுவரோவியங்களையும் கூர்ந்து பார்த்துத் தட்டையான, விளிம்புக்கோடு துலங்கும் உருவங்களை வரைந்தார். தோற்பாவை, பதப்படுத்திய ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணமிட்டு விளக்கின் முன் ஆட்டப்படுவது; பெரும்பாலும் பக்கவாட்டில் நிற்கும் அவ்வுருவத்துக்குத் திரட்சி கிடையாது, துளைகளின் வழியே வரும் ஒளியே அதன் அணிகலன். சிற்பியும் ஆசிரியருமான எஸ். தனபால் மாணவர்களின் கைப்போக்கைக் கெடுக்காமல் வளர்த்தவர் என்று போற்றப்படுகிறார். அவருக்குப் பின்வந்த ஏ.பி. சந்தானராஜ், எல். முனுசாமி, கே.எம். ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன், கனவுலகை மசியால் நெய்த கே. ராமானுஜம் ஆகியோரின் படைப்புகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டாலும், நிழலுக்குப் பணிசெய்யாமல் தானே உருவமாகி நிற்கும் கோட்டில் ஒன்றுபடுகின்றன. கோட்டை அவ்வாறு விடுவிக்கலாம் என்று மத்தீசும் க்ளேயும் காட்டியிருந்தனர். ஆனால் வாசலில் புள்ளி வைத்து, கை எடுக்காமல் வளைத்து, தொடங்கிய இடத்திலேயே முடிக்கும் சிக்குக் கோலம் நாள்தோறும் போடப்படும் நாட்டில், கோடு தன்னளவில் முழுமையானது என்பது வியப்புக்குரிய செய்தியாக இருந்திருக்க முடியாது. ஐரோப்பிய இயக்கம் செய்தது, கலைப்பள்ளியின் கல்வி தாழ்வாக ஒதுக்கிவைத்த அந்த அறிவை மீண்டும் பயன்படுத்தத் தகுந்ததாக ஆக்கியதே.

செல்வாக்கு நிலைக்க வேண்டுமானால் ஓவியன் பிழைக்க வேண்டும் என்பதையும் பணிக்கர் உணர்ந்திருந்தார். 1960களின் சென்னையில் நவீன ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவோர் மிகச் சிலரே. படிப்பு முடிந்தவர்கள் விளம்பர நிறுவனங்களிலும் நெசவு வடிவமைப்பு மையங்களிலும் வேலை தேடி ஓவியத்தை விட்டுக்கொண்டிருந்தனர். மேற்கில் ஓவியனுக்கு இருந்த வணிகக் காட்சிக்கூடமும் செல்வந்தச் சேகரிப்பாளரும் இங்கு இல்லாத நிலையில், கைத்தொழிலையே அதற்கு மாற்றாக அவர் முன்வைத்தார். உருக்கிய மெழுகைத் தூரிகையால் துணியில் தடவிச் சாயத்தில் முக்கி, மெழுகு படிந்த இடம் சாயம் ஏறாமல் நிற்க, பின் மெழுகை நீக்கி மறு சாயம் ஏற்றும் பத்திக் வேலைப்பாடு அதில் முதன்மையானது. மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் கசிந்து உண்டாகும் மெல்லிய நரம்புக் கோடுகளே அதன் அழகு. பகலில் ஒரு பகுதி நேரம் கைத்தொழில், எஞ்சிய நேரம் ஓவியம் என்ற ஏற்பாட்டில் கிடைத்த வருவாய், மாமல்லபுரம் செல்லும் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்க உதவியது. 1966இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்கப்பட்டது. ஐரோப்பாவில் ஓவியக் குழுக்கள் கூட்டறிக்கையால் இணைந்தன. இங்கே ஓவியர்கள் கூட்டுறவால் இணைந்தனர். அரசு மானியத்தையும் புரவலர் தயவையும் பெரிதும் சாராமல், கலைஞர்களே நிலம் வாங்கி வீடு கட்டி நடத்திய அக்குடியிருப்பு, பாரிசில் முன்மாதிரி இல்லாதது. வி. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் 1960களின் இறுதியில் பாரிசுக்கே சென்று குடியேறியபோது, செல்வாக்கின் பாதை எதிர்த்திசையிலும் சிறிது ஓடத் தொடங்கியது.

இனி இரண்டாவது தொலைவு. கித்தானில் தீட்டிய அசல்கள் சோழமண்டலத்திலும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும், தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்திலும், திருவனந்தபுரத்தில் பணிக்கர் பெயரில் அமைந்த கூடத்திலும் தங்கின. கம்பம் பள்ளத்தாக்குக்கு மலைக்கு அப்பால் இருக்கும் திருவனந்தபுரமும் பயணச் செலவில் அருகில் இல்லை. ஆகவே சுருளிப்பட்டியின் வாசகருக்கு நவீன ஓவியம் எட்டுவதற்கிருந்த முதன்மையான வழி இதழ்களின் பக்கமே. இவ்வழியின் தொடக்கத்தில் இப்பள்ளத்தாக்கின் பெயர் ஒன்று நிற்கிறது. சின்னமனூரைத் தம் பெயரின் முதலெழுத்தில் தாங்கிய சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’, படங்களை நம்பிய இதழ் அன்று; ஆனால் புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் அது உருவாக்கிய சிறிய வாசகர் வட்டமே, பின்வந்த சிற்றிதழ்களின் அடித்தளம். 1970இல் தோன்றிய ‘கசடதபற’ போன்ற இதழ்களில் எழுத்தாளர்களும் கலைக்கல்லூரி ஓவியர்களும் அருகருகே இடம்பெற, புதுக்கவிதையோடு நவீனக் கோட்டோவியமும் ஒரே தபால்தலையில் சிற்றூர்களுக்குப் போனது.

வண்ணம் போகாமல் கோடு மட்டும் போனதற்கு அச்சுத்தொழிலில் தெளிவான காரணம் உண்டு. அன்றைய சிறு அச்சகங்களில் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்தனர். படம் வேண்டுமானால் பிளாக் செய்ய வேண்டும். கறுப்பு மசியில் வரைந்த கோட்டோவியத்தைப் படம்பிடித்துத் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி, கோடில்லாத இடங்களை அமிலத்தால் அரித்து, எழுத்தின் உயரத்துக்கு மரக்கட்டையில் ஆணியடித்துப் பொருத்தினால் அது லைன் பிளாக். ஈய எழுத்தோடு சேர்த்து முடுக்கி, மலிவான தாளிலும் சுத்தமாக அடிக்கலாம். நிழல்படியும் படத்துக்கு நுண்புள்ளிகளாலான ஹாஃப்டோன் பிளாக் தேவை. அது செலவு கூடியது, சொரசொரப்பான தாளில் புள்ளிகள் அடைத்துக் கறையாகும். பல வண்ணத்துக்கோ வண்ணத்துக்கு ஒரு பிளாக் வேண்டும். நிழலைத் துறந்து கோட்டையே முழு ஓவியமாக்கிய சென்னை ஓவியர்களின் கலைத்தேர்வு, பணமில்லாத சிற்றிதழின் அச்சுத் தேவையோடு இவ்வாறு பொருந்திப்போயிற்று. பாரிசிலிருந்து சென்னைக்கு அச்சுப் படி வழியே வந்தபோது தேய்ந்துபோன வண்ணம், சென்னையிலிருந்து சிற்றூருக்கு வரும்போது முற்றிலும் உதிர்ந்தது. இரண்டு பயணங்களிலும் தாக்குப்பிடித்தது கோடு.

இப்பயணத்தின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஆதிமூலம் (1938–2008). துறையூர் அருகே கீரம்பூரில் பிறந்து சென்னையில் பயின்ற அவர், காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களால் பரவலாக அறியப்பட்டார். அடர்ந்து பின்னிய சிறு கோடுகளிலிருந்து முகமும் தடியும் நடையும் எழும் படங்கள் அவை. நூல்களின் தலைப்புகளுக்கு அவர் எழுதிய எழுத்துருக்கள் தமிழ் நூல் அட்டையின் தோற்றத்தையே மாற்றின. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அதற்கு அவர் வரைந்த படங்கள், சிற்றிதழின் சில நூறு வாசகர்களைத் தாண்டி, பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் இதழ் வாங்கும் வாசகரையும் எட்டின. பணிக்கரின் பெயரையோ கியூபிசம் என்ற சொல்லையோ கேட்டிராத வாசகர், வேட்டி கட்டிய சம்சாரியின் முகம் உடைந்த கோடுகளால் அமைந்திருப்பதை இடறலின்றி ஏற்றுக்கொண்டார். கதை தெரிந்ததாகவும் ஆள் தெரிந்தவராகவும் இருந்ததால் கோட்டின் புதுமை தடையாகவில்லை. ஆஃப்செட் அச்சு பரவி வண்ணமும் நிழலும் மலிவான பின்பும், தமிழ் இலக்கியத்துக்கான படம் என்றால் கோட்டோவியமே என்ற வழக்கம் நிலைத்தது.

இவ்வரலாற்றைக் கொண்டு பார்க்கும்போது, சென்னை ஓவியர்கள் மேற்கைப் பின்பற்றினர் என்ற பழியும், மேற்கை மறுத்து மரபுக்குத் திரும்பினர் என்ற புகழும் ஒருங்கே குறைபாடுடையவை. நிழலிட்டு வரைவதே ஓவியம் என்று ஐரோப்பாதான் முதலில் கற்பித்தது. அவ்வாறு வரையத் தேவையில்லை என்றும் ஐரோப்பாவே பின்னர்க் கற்பித்தது. முதல் பாடம் காலண்டர் வழியே வீடுகளின் பூசை மாடத்தில் தங்கியது. இரண்டாவது பாடம் சாதகக் கட்டம், கவசத் தகடு, கோலம் ஆகியவற்றைக் கலையாகக் காணும் உரிமையை ஓவியர்களுக்கு அளித்து, இதழ்ப் பக்கத்தில் தங்கியது. எனினும் இவ்விரண்டில் முதலாவது பெற்ற பரப்பை மற்றது பெறவில்லை. காலண்டருக்கு ஒரு சிவகாசியும், அதை ஆண்டுதோறும் இலவசமாக வீடு சேர்க்கும் கடைக்காரரும் இருந்தனர். நவீன ஓவியத்துக்குக் கைகொடுத்தவை சிற்றிதழின் சந்தாவும் வார இதழின் ஒரு பக்கமும்தான். ஓர் இயக்கம் தொலைநாட்டு ஓவியர்களை எட்டுவதற்குச் சில புத்தகங்களும் ஒரு நல்லாசிரியரும் போதுமானவை. அவ்வோவியர்களின் நாட்டு மக்களை எட்டுவதற்கு விநியோகம் வேண்டும் என்பதே இவ்விரு தொலைவுகளின் வேறுபாடு. சுருளிப்பட்டிக்கு வந்து சேர்ந்த நவீனம் கறுப்பு மசியின் கோடாக மட்டுமே இருந்ததற்கு, ஊராரின் ரசனையில் குறை தேடுவதைவிட, அந்த விநியோகத்தை யார் நடத்தினார்கள், எந்தத் தாளில் அச்சடித்தார்கள் என்று கேட்பதே வரலாற்றுக்கு நேர்மையானது.